மாங் தெபோங் செத்த ஞாயித்துக்கிழமை

என் கட்டுப் போட்ட கையப் பாக்கீய. மதுர மாட்டுத்தாவணில பஸ் ஏறுனதுல இருந்து பாத்துக்கிட்டேதான் வாரீய, நானும் கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். கேளுங்க அண்ணாச்சி, என்ன ஆச்சுன்னு கேக்கதுல ஒரு தப்பும் இல்ல. வீட்டுல உள்ளவங்ககிட்ட, கப்பல்ல கயிறு இழுக்குத வின்ச்சுல கை மாட்டிக்கிட்டுன்னு சொல்லியிருக்கேன். உங்களுக்கு உள்ளதச் சொல்லுதேன். நீங்க எட்டயபுரத்துல எறங்கிப் போயிருவீய, நான் தூத்துக்குடி. அதுக்கப்புறம் நீங்க யாரோ நான் யாரோ.

அடிச்சதுதான். ஒருத்தன அடிச்சேன். ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் செஞ்சது தப்பான்னு. நான் கோவக்காரன் கெடையாது. எங்க தெருவுல யார வேணாலும் கேட்டுப் பாருங்க, ரெமிஜியுஸ் கோவக்காரனான்னு. ஒருத்தனும் ஆமான்னு சொல்ல மாட்டான். சொல்லப் பயப்படுவானுவ.

கப்பல்லதான் சோலி. கயிறு கட்டணும், துரு சொரண்டணும், பெயிண்ட் அடிக்கணும், காவல் நிக்கணும். நெலக்கரி ஏத்துத கப்பல். ஆபீசர்மாரு ஆளுக்கொரு தேசம், கீழ உள்ள நாங்க அம்புட்டுப் பேரும் பிலிப்பைன்ஸ்காரனுவ. அம்புட்டுப் பேரும்னா என்னத் தவிர. தமிழ் பேச ஒரு நாதி கெடையாது, எல்லாம் அரகொற இங்கிலீஷ்தான். ஆனா அவனுவளும் வேதக்காரனுவ, நாங்களும் வேதக்காரங்க. அதே மாதா, அதே செபமாலை, அதே பெரிய வெள்ளி. அதனால நம்ம சனம்தான்னு நெனச்சேன். அங்கதான் ஏமாந்தேன்.

ரோடெல்னு ஒருத்தன். குட்டையா இருப்பான், எப்பவும் சிரிச்ச மூஞ்சி. நானும் அவனும் ஒரே காவல். அவந்தான் எனக்கு மாங் தெபோங்கக் காட்டுனான். மாங்னா நம்ம பக்கம் அண்ணாச்சிங்குத மாதிரி. பெரிய காமெடி நடிகரு அண்ணாச்சி, அந்த நாட்டுல. கிழவர் கொழந்த எல்லாருக்கும் பிடிக்கும். ரோடெல் போன்ல நூறு படம் வச்சிருந்தான். மொதல்ல பாக்கையில எனக்கு ஒரு வார்த்த புரியல. அடி மட்டும் புரிஞ்சிச்சு. அடிக்குப் பாஷ கெடையாதுல்லா.

எல்லாப் படத்துலயும் அந்த மனுசன் அடி வாங்குவாரு. பண்ணையாரு அறைவான். மாமியா சட்டியால மண்டையில போடுவா. போலீஸ்காரன் மிதிப்பான். மாங் தெபோங் சுருண்டு விழுவாரு, மேசை ஒடையும், கோழி பறக்கும். அப்புறம் மெல்ல எந்திரிப்பாரு. கால்சட்டையத் தட்டி விடுவாரு, ஒரு கால் எப்பவும் முழங்கால் வரைக்கும் சுருட்டி விட்டிருக்கும், இடுப்புல பெல்ட்டுக்குப் பதிலா கயிறு. நேரா அடிச்சவன்கிட்ட போவாரு. தியேட்டரே காத்துக்கிட்டு இருக்கும், திருப்பி அடிக்கப் போறாருன்னு. அவரு அடிச்சவன் கையப் பிடிச்சுத் தூக்கி, உஃப் உஃப்னு ஊதி, 'மசாகித் பா?'ன்னு கேப்பாரு. 'வலிக்குதா?'ன்னு அர்த்தம்.

நீங்க சிரிக்கீய. எல்லாரும் சிரிப்பாவ. நான் மொத வாட்டி பாக்கையில சிரிச்சுச் சிரிச்சுக் கட்டுல்ல இருந்து விழுந்துட்டேன், அப்புறம் பாத்தா அழுதுக்கிட்டு இருக்கேன். ரோடெல் பயந்துட்டான். ஏன்னு எனக்கே தெரியல. எங்கப்பா நெனப்பு வந்திச்சு, அவ்வளவுதான். எங்கப்பாவும் அடிப்பாரு. சும்மா சொல்லக் கூடாது, நல்லா அடிப்பாரு. கடலுக்குப் போயிட்டு வலையில மீன் இல்லன்னா அன்னைக்கு எனக்குப் பூசை. ஈரக் கயிறு, துடுப்பு, கையில என்ன இருக்கோ அது. ஒரு தடவ காது கிழிஞ்சிட்டு, இந்தா தையல் தழும்பு இருக்கு பாருங்க. அடிச்சு முடிச்சதும் அவருக்குக் கை வலிக்கும். பின்ன வலிக்காதா? நாந்தான் தைலம் தேச்சு விடணும். பக்கத்துல உக்காந்து, ஒவ்வொரு வெரலா நீவி விடுவேன். நல்லா வளத்தாரு எங்கப்பா. இல்லன்னா நான் இப்படி ஒரு ஆளா ஆயிருக்க முடியுமா?

விட்ட எடத்துக்கு வாரேன். அதுக்கப்புறம் எனக்கும் ரோடெலுக்கும் அதே வெளையாட்டுதான். டெக்குல துரு சொரண்டிக்கிட்டு இருக்கையில திடீர்னு வந்து ஒரு கண்ண மூடிக்கிட்டுக் கன்னத்த நீட்டுவான். நான் கைய ஓங்கி, படாம வீசுவேன். அவன் அப்படியே சுழண்டு விழுவான் பாருங்க, மாங் தெபோங்கே தோத்துப் போகணும். எந்திரிச்சு, தட்டி விட்டு, என் கையப் பிடிச்சு ஊதி, மசாகித் பா? மேல பிரிட்ஜுல, கப்பல் ஓட்டுத எடத்துல, நிக்கிற ஆபீசர்மாரு வரைக்கும் சிரிப்பாவ. அவ்வளவு நாளும் என் கை ஒரு தடவகூட அவன் மேல பட்டது கெடையாது. நெனச்சுப் பாருங்க, எவ்வளவு கட்டுப்பாடா இருந்திருக்கேன்.

சிங்கப்பூருக்கு வெளிய நங்கூரம் போட்டு நிக்கையில சேதி வந்திச்சு. ஞாயித்துக்கிழமை காலையில. மாங் தெபோங் போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாராம். அவ்வளவு அடி வாங்குன மனுசன், கடைசியில ஒருத்தரும் தொடாமப் போயிட்டாரு. நான் பெயிண்ட் அறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு அழுதேன். எங்கப்பா செத்தப்ப ஒரு சொட்டு வரல எனக்கு. இவருக்கு வந்திச்சு. துக்கம்னா எங்க பக்கம் அடுப்பு எரியாது, நானும் பச்சத் தண்ணி குடிக்கல. கருப்புத் துணி இல்லன்னு கரண்டு வேலைக்கு உள்ள கருப்பு டேப்பக் கையில சுத்திக்கிட்டேன். சாயங்காலம் மெஸ் ரூம்ல எல்லாரும் கூடுதோம்னு போசன் சொன்னாரு. போசன்னா எங்களுக்கெல்லாம் மேஸ்திரி, அவரும் அந்த ஊர்க்காரருதான். சரி, செபமாலை சொல்லுவாவன்னு என் செபமாலையையும் எடுத்துக்கிட்டுப் போறேன்.

கதவத் தொறந்தா கறி வாசன. கோழி பொரிச்சு வச்சிருக்கானுவ. சீட்டு ஆடுதானுவ. டிவி மேல மாங் தெபோங் படம், முன்னால பாட்டரியில எரியுத மெழுகுவத்தி, பக்கத்துலயே ஒருத்தன் மைக்கப் பிடிச்சுப் பாட்டுப் படிக்கான். சிரிப்பு அண்ணாச்சி. ஒரே சிரிப்பு. ஒருத்தன் மாங் தெபோங் வசனம் ஒண்ணச் சொல்லுதான், எல்லாரும் மேசையத் தட்டிச் சிரிக்கானுவ. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரியுது. "வா ரெமி, உக்காரு, சாப்பிடு"ன்னு போசன் தட்ட நீட்டுதாரு. "முடிஞ்சதும் யாரும் நேரா கேபினுக்குப் போகாதீங்க. மேல டெக்குல கொஞ்சம் நின்னுட்டு, காப்பி குடிச்சிட்டுப் போகணும். துக்க வீட்டுல இருந்து நேரா போனா செத்தவர் கூடவே வந்துருவாரு"ன்னு வேற சொல்லுதாரு. நம்ம குளிச்சிட்டுப் போவோம், இவனுவ காப்பி குடிச்சிட்டுப் போவானுவளாம். என்ன துக்கமோ என்னவோ.

எங்கப்பா சாவுலயும் இப்படித்தான் ஒரு சங்கதி. பெட்டி உள்ள இருக்கு. எங்கக்கா மாப்பிள்ள வாசல்ல டீ கிளாஸோட நின்னு எவங்கிட்டயோ பல்லக் காட்டிச் சிரிக்காரு. போட்டேன் ஒரு போடு. கிளாஸ் ஒடஞ்சு வாயக் கிழிச்சிட்டு. கோயிலுக்குப் பெட்டியத் தூக்குறதா, மச்சான ஆஸ்பத்திரிக்குத் தூக்குறதான்னு ஆயிப்போச்சு. அக்கா இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசுதது இல்ல. பேசாட்டாப் போறா. செத்தவருக்கு ஒரு மரியாத வேணும்லா?

நான் தட்ட வாங்கல. நிறுத்துங்கலேன்னு சொன்னேன். அவனுவளுக்குத் தமிழ் எங்க புரியுது? அப்பதான் கிச்சன் பக்கத்துல இருந்து ரோடெல் வாரான். ஒரு கால் முழங்கால் வரைக்கும் சுருட்டியிருக்கு. இடுப்புல கயிறு. தலையில சட்டியக் கவுத்திருக்கான். நாற்காலி மேல ஏறி, தலைகுப்புற விழுந்து காட்டுதான். விசில் பறக்குது. விழுந்தவன் எந்திரிச்சுச் சுத்தும் முத்தும் பாக்கான். என்னப் பாத்தான். நேரா என்கிட்ட வந்து, ஒரு கண்ண மூடிக்கிட்டுக் கன்னத்த நீட்டுதான்.

அடிச்சேன்.

அறஞ்ச வேகத்துல சீட்டு மேசை மேல போய் விழுந்தான், சட்டி உருண்டு ஓடுச்சு. ஒரே கைதட்டு. நான் வெளையாட்டுல சேந்துட்டேன்னு நெனச்சுட்டானுவ. ரோடெலும் அப்படித்தான் நெனச்சிருக்கணும். எந்திரிச்சான். கால்சட்டையத் தட்டி விட்டான். ஒதடு கிழிஞ்சு ரத்தம் வருது, அதோட என் கையப் பிடிச்சு ஊதுதான். மசாகித் பா?

எல்லாரும் சிரிக்கானுவ. செத்த மனுசன நடுவுல வச்சுக்கிட்டு.

ரெண்டாவது வாட்டி முஷ்டிய மடக்கிப் போட்டேன். முருங்கக்கா முறியுத மாதிரி ஒரு சத்தம். அதுக்குப் பாதிப் பேருதான் சிரிச்சானுவ. கீழ கெடந்தான். அதோட கெடக்க வேண்டியதுதான? எந்திரிக்கான். சுவரப் பிடிச்சு எந்திரிக்கான். சுருட்டாத காலப் போய்த் தட்டி விடுதான். வாய் கோணிப் போச்சு, ஒதடு குவியல. என் கையப் பிடிச்சு ஊதுனான். காத்து வரல, ரத்தந்தான் என் மணிக்கட்டு மேல தெறிச்சிச்சு. 'மசா'ங்கான், மிச்சம் வரல.

சட்டையப் பிடிச்சுச் சுவத்தோட வச்சு மறுபடியும் அடிச்சேன். எங்க பட்டிச்சு, எத்தன பட்டிச்சுன்னு தெரியல. யாரும் சிரிக்கல இப்ப. மைக் பிடிச்சவன் வாயத் தொறந்தபடி நிக்கான், பாட்டுக்குண்டான மேளம் மட்டும் தன்னால ஓடிக்கிட்டு இருக்கு. போசனும் இன்னும் ரெண்டு பேருமா என்ன இழுத்துட்டாவ. ரோடெல் தரையில உக்காந்து கையால தடவுதான். கண்ணு ரெண்டும் வீங்கிட்டுல்லா, தடவித்தான் தேடுதான். பல்லத் தேடுதானோன்னு நெனச்சேன். அவன் என் கையத் தேடுதான் அண்ணாச்சி.

எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்காதது அதான். மொத அடிய வெளையாட்டுன்னு நெனச்சான், சரி. ரெண்டாவதுலயே தெரிஞ்சிருக்குமே. அதுக்கு மேல எதுக்கு எந்திரிக்கணும்? படுத்துக் கெடந்திருந்தா நான் ஏன் அடிக்கப் போறேன்? சொல்லுங்க.

கேபினுக்கு வந்து உக்காந்த பொறவுதான் கை வலிக்க ஆரம்பிச்சிச்சு. தைலம் தேச்சு விட ஆளில்ல.

போசன் வந்தாரு. கத்துவாருன்னு பாத்தேன், கத்தல. கதவு பக்கத்துலயே நின்னுக்கிட்டு, "எங்க ஊர்ல துக்க வீட்டுல யாரும் தூங்கக் கூடாது, செத்தவர ஒரு நிமிசமும் தனியா விடக் கூடாது. அதான் சீட்டு, அதான் பாட்டு. அவர் சிரிக்க வச்ச மனுசன், ரோடெல் அவருக்குக் காணிக்க குடுத்தான்"னாரு. நல்ல சாக்கு. அழத் தெரியாதவன் சொல்லுத சாக்கு. அந்தக் கப்பல்லயே அவருக்காக அழுதவன் நான் ஒருத்தந்தான்.

இதக் கேளுங்க. கேப்டன் விசாரிக்காரு. தாட ஒடஞ்சிருக்கு, மூணு நாலு பல்லு போயிருக்கு, கரையில இருந்து படகு வரவழைக்காவ. எப்படிப்பா ஆச்சுன்னா, ரோடெல் ஒரு தாள வாங்கி, படியில வழுக்கி விழுந்தேன்னு எழுதிக் குடுத்திருக்கான். மத்தவனுவளும் ஆமான்னுட்டானுவ. பாத்தியளா? தப்பு அவன் மேலதான்னு அவனுக்கே தெரிஞ்சிருக்கு. இல்லன்னா என்ன மாட்டி விட்டிருக்க மாட்டானா? என் சோலியே போயிருக்கும்லா.

பொறவு எனக்குக் கை வீங்கிச்சு. முழங்கை வரைக்கும் செவந்து, காய்ச்சல்ல ஒடம்பு ஒதறுது. என்னயும் எறக்கி, ரோடெலச் சேத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாவ. டாக்டர் வெரல் முட்டியக் கிழிச்சு, உள்ள இருந்து ஒரு துண்டு எடுத்தாரு. பல்லு. அவன் பல்லு. அவருகிட்டயும் வின்ச்சுன்னுதான் சொல்லியிருந்தேன், பல்லு வச்ச மெஷின் கப்பல்ல என்ன இருக்குன்னு என்னப் பாத்தாரு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ரெண்டு வெரலு இனிமே மடங்காதாம். அந்தத் துண்ட மாத்திரக் கவர்ல போட்டுக் குடுத்தாவ. இந்தா, பாக்கீயளா? வேண்டாமா. சரி. எங்க போடதுன்னு தெரியாமச் சட்டப் பையிலயே கெடக்கு.

அங்க ரோடெல் வந்தான் என் கட்டிலுக்கு. வாய் முழுக்கக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு, கஞ்சிய ஸ்ட்ரால உறிஞ்சுதான். நான் கண்ண மூடிக்கிட்டேன். போவான்னு பாத்தா போவல. பல்லுக்கிடையில இருந்து ஒவ்வொரு சொல்லாத் தள்ளுதான். "ரெமி. நேரா வீட்டுக்குப் போகாத"ங்கான். எப்படி இருக்கு பாருங்க, எனக்குச் சாபம் குடுக்கான். அது மட்டுமா? என்னோட இந்தக் கட்டுப் போட்ட கையத் தூக்கி, கம்பி போட்ட வாய வச்சுக்கிட்டு ஊதுதான். அந்த நெலமையிலயும் என்னக் கேலி பண்ணுதான். திருப்பிப் போட்டிருப்பேன். கைய அசைக்க முடியல, அதான் தப்பிச்சான்.

பந்தல்குடி வந்துட்டு. டீக்கு நிப்பாட்டுதான், வாங்க எறங்குவோம். அந்தப் பையக் கொஞ்சம் பிடிங்க. ஒரு கைய வச்சுக்கிட்டு எறங்குதது பெரும்பாடா இருக்கு.

இந்தா, ரெண்டு டீ போடுங்க. ஒண்ணுல சீனி தூக்கலா.

எப்ப வந்தேன்னா கேக்கீய? இந்தியா வந்து பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும். சென்னையில ஒரு சோலி இருந்திச்சு. திருச்சியில ஒரு ஆளப் பாக்கணும்னு எறங்குனேன், ஆளு ஊர்ல இல்ல, சும்மா ரூம் போட்டுத் தங்குனேன். மதுரையில ஒண்ணும் இல்ல, சும்மாதான். அந்த ரோடெல் பய சொன்னதுக்காகன்னு நெனச்சுராதீய. நான் அதெல்லாம் நம்புத ஆளு கெடையாது. மாங் தெபோங் பின்னாலயே வந்தா வரட்டுமே, நல்லதுதான? வீட்டுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாவ.

வேற யாரும் வந்துரக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டுல ஜெனோவா, என் வீட்டுக்காரி, தெனமும் போன் அடிக்கா. எங்க இருக்கீய, எங்க இருக்கீயன்னு. காலையில மாட்டுத்தாவணில நிக்கையில பேசுனேன், இன்னைக்கு வந்துருவேன்னு. கண்டிப்பா வந்துருவேன்னு சொன்னேன். மீன் வாங்கி வைக்கேன்னா. கொரல் ஒரு மாதிரியாத்தான் இருந்திச்சு. போன தடவ வந்திருக்கையில ஒரு சின்னச் சண்ட, ஒரு வாட்டி கை நீட்டிட்டேன், அத மனசுல வச்சிருப்பா போல. அப்புறம் எம்மவ ஆன்சி போன வாங்குனா. மூணாப்பு படிக்கா. நல்லாப் பேசுவா. ரெண்டு வருசமா என்னய போன்லயே பாத்து வளந்த பிள்ள.

"அப்பா, கை ரொம்ப வலிக்கா?"ன்னு கேக்கா. "வாங்கப்பா, நான் தைலம் வாங்கி வச்சிருக்கேன். பக்கத்துல உக்காந்து ஒவ்வொரு வெரலாத் தேச்சு விடுதேன்"ங்கா.

போன வச்சுட்டேன். சிக்னல் இல்லன்னு சொல்லிக்கிடலாம்.

கண்டக்டர் விசில் ஊதுதான், ஏறுங்க அண்ணாச்சி. எடத்த எனக்காகப் பிடிக்க வேண்டாம், யாராவது வந்தா உக்காரச் சொல்லுங்க. அந்தப் பையத் தாங்க. நான் அடுத்த வண்டியில வாரேன். இன்னொரு டீ குடிக்கணும்.